அந்தோனியாரின் பெருவிரல்

போன கிழமை எங்கள் கோயிலில் அந்தோனியாருக்குக் கண்ணாடிக் கூடு போட்டார்கள். கூட்டின் புதுப் பூச்சு மணத்தது. நீங்கள் சிலையின் முகத்தைப் பார்த்தீர்கள். நான் கால் பெருவிரலைப் பார்த்தேன். அதில் வர்ணம் இல்லை. பிள்ளைகளே, அந்த வர்ணம் தேய்ந்ததில் என் கையும் உண்டு.

எங்கள் ஊர் ஓலைத்தொடுவாயில் அப்போது தேர்தல். நின்ற இருவரில் ஒருவர் எங்கள் வேதக்காரர். வெள்ளைச் சட்டை, கழுத்தில் செபமாலை. சுடுமணலில் முழந்தாளில் நடந்தே கோயிலுக்குள் வந்தார். பெண்கள் அழுதார்கள். நானும் மூக்கை உறிஞ்சினேன் என்றுதான் நினைக்கிறேன். மற்றவர் நானாட்டான் வயல்காரர், சைவம். நெற்றியில் திருநீறு, சட்டையில் மெசின் எண்ணெய்.

"உதுவோ பாராளுமன்றம் போற முகம்?" என்று எல்லாருக்கும் முன்னால் சிரித்தான் மரியான். அவன் உங்கள் அம்மாவின் தம்பி. என்னோடு ஒரே வள்ளத்தில் தொழில் செய்தவன்.

ஆனால் உங்கள் அக்கா பிறக்கிற நேரம், வெள்ளத்தில் பஸ் நின்றுபோக, நானாட்டானில் சித்தி வீட்டில் துடித்த அம்மாவை தன் உழவு மெசின் இழுக்கும் பெட்டியில் ஏற்றி மன்னார் ஆஸ்பத்திரியில் சேர்த்தவர் அந்த எண்ணெய்ச் சட்டைக்காரர்தான்.

செபமாலைக்காரரின் ஆட்கள் எங்களை வரிசையில் விட்டு, அவருக்கே போடுவோம் என்று அந்தோனியாரின் காலைத் தொட்டுச் சத்தியம் பண்ணச் சொன்னார்கள். ஊர் பார்க்க நானும் தொட்டேன். விரல் குளிர்ந்திருந்தது. வாக்குச்சாவடியில் பென்சிலை எடுத்தேன். புள்ளடியை எண்ணெய்ச் சட்டைக்காரருக்குப் போட்டுவிட்டேன். அந்தோனியாரிடம் பொய்ச் சத்தியம் பண்ணினவனைக் கடல் திருப்பித் தராது என்று நம்பின ஊர் எங்களுடையது.

மூன்றாம் நாள் விடியத் தொழிலுக்குப் போனோம். கரை மறைந்ததும் காற்று மாறியது. முதல் அலை உள்ளே விழுந்தபோதே அதை அனுப்பியது யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு பாவமும் அறியாத மரியானும் என்னால் சாகப்போகிறான்.

"மரியான், எல்லாம் என்னாலதான். நான் மாறிப் போட்டிட்டன்."

அவன் வாளியை நிறுத்தவில்லை.

"பேசாமத் தண்ணிய இறையுங்கோ அத்தான். நானும் அவருக்குத்தான் போட்டனான். அக்காவ ஏத்தினவரெல்லோ."

அதுவரை வள்ளத்தில் ஒரு பாவி. இப்போது இரண்டு. நானும் தண்ணீரை இறைக்கத் தொடங்கினேன்.

எப்படியோ மதியம் கரை கண்டோம். நேரே கோயிலுக்குப் போய் ஆளுக்கொரு மெழுகுதிரி கொளுத்தினோம். காலைத் தொட இருவருக்கும் துணிவில்லை.

செபமாலைக்காரர் வென்றார். அவர் மறுபடி முழந்தாளில் வந்ததை நான் காணவில்லை.

வள்ளம் இப்போது இல்லை. மரியானும் போய்விட்டான், கடலில் அல்ல, கட்டிலில். நேற்று ஒரு வேட்பாளர் வந்து கண்ணாடிக்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டு போனார். அந்தக் காலை இனி யாரும் தொட முடியாது. ஆனாலும் போன தேர்தலில் புள்ளடி போட்டுவிட்டு வெளியே வந்ததும், கடலுக்குப் போவதை விட்டு எத்தனையோ வருடமான நான், காற்று எந்தப் பக்கம் என்றுதான் முதலில் பார்த்தேன்.