பயப்படாம அமுக்குங்கக்கா

மூன்று வருடங்களுக்கு முன்பு, எங்கள் தங்கச் சுரங்க ஊரில், கோரமண்டல் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் நடந்தது இது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பெங்களூருக்கு ரயிலில் போய் வருகிற கம்ப்யூட்டர் வேலை எனக்கு. வழியில் சும்மா இருக்கமாட்டேன். யாரோ தனி ஆட்கள் எழுதிய, கம்பெனி அங்கீகாரமோ டிஜிட்டல் கையெழுத்தோ இல்லாத ஆப்களை, விண்டோஸில் ஒரே வரிக் கட்டளையில் இன்ஸ்டால் ஆகிவிடும்படி பேக்கேஜ் கட்டி இணையத்தில் போடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்தக் கடையை நடத்தும் அக்கா, சுரங்கத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்களுக்கு மனு எழுதித் தருபவர். போனில் வரும் காகிதங்களைக் கம்ப்யூட்டரிலேயே பார்க்க, நான் பேக்கேஜ் கட்டிய ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். திறந்ததும் நீல எச்சரிக்கைக் கட்டம் வந்தது.

“இன்னா தம்பி, ஆபத்துன்னு போடுது?”

“அது எல்லாத்துக்கும் இப்படித்தான் மிரட்டும். ‘ரன் எனிவே’ன்னு இருக்கும் பாருங்க, பயப்படாம அமுக்குங்கக்கா” என்று சிரித்தேன். இந்த ஆப்பில் டிஜிட்டல் கையெழுத்து இல்லாததால்தான் அந்தக் கட்டம் வருகிறது, வேறு எதற்காவது வந்தால் அமுக்கக் கூடாது என்று விளக்க எனக்குப் பொறுமை இல்லை.

சில மாதம் கழித்து, பென்ஷன் கடிதம் என்று மெயிலில் வந்த ஒன்றை அக்கா திறந்தார். அது வைரஸ். கம்ப்யூட்டரில் இருந்த எல்லா ஃபைல்களும் திறக்க முடியாதபடி பூட்டிக்கொண்டன. கூப்பிட்டதும் போனேன். வார்னிங் வரவில்லையா என்று எரிச்சலாகக் கேட்டேன்.

“வந்துச்சு தம்பி. நீ சொன்னாப்லயே அமுக்கிட்டேன்.”

குறையாகச் சொல்லவில்லை. சொல்லிக் கொடுத்ததைச் சரியாகச் செய்தவர் குரல் அது. எனக்குக் கூசிப்போனது.

அங்கே ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். சுரங்கத் தூசியில் நுரையீரல் கெட்டுப்போய் நஷ்டஈடு கேட்டு மனு போட்டவர். அவருடைய சர்வீஸ் சர்டிபிகேட்டைக் கரையான் தின்றுவிட்டது. அக்காவின் கம்ப்யூட்டரில் இருந்த அதன் ஸ்கேன் காப்பி ஒன்றுதான் மிச்சம். அடுத்த வாரம் விசாரணை.

“என் தப்புதாங்க, எதையோ அமுக்கித் தொலைச்சிட்டேன்” என்று அக்கா அவர் எதிரிலேயே அழுதார்.

“உடும்மா, நீ வேணும்னேவா பண்ணினே?” என்றார் அவர், மூச்சு வாங்கிக்கொண்டே.

அப்போது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். பெரிய கெட்டிக்காரன் மாதிரி வயரைப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருந்தேன். எந்த ஃபைலும் மீளவில்லை. அவர் மனு தள்ளுபடியானது.

இப்போது நான் கட்டும் ஒவ்வொரு பேக்கேஜிலும், இதில் கையெழுத்து இல்லை, நீலக் கட்டத்தைப் படிக்காமல் அமுக்காதீர்கள் என்ற எச்சரிக்கையை முதல் வரியிலேயே எழுதுகிறேன். முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் அதைச் சொல்ல முடிகிறது. கடையைத் தாண்டும்போதெல்லாம் “சாப்டியா தம்பி” என்று கேட்கிற அக்காவிடம், அன்றைக்குத் தப்பு உங்களுடையது இல்லை என்று சொல்ல மட்டும் எனக்கு இன்னும் வாய் வரவில்லை.