முழங்காலுக்குள் ஈயம்

கீரப்பாளையம் வயலில் கொக்கு சுடப் போன என் மச்சானின் நாட்டுத் துப்பாக்கி தவறி வெடித்து, ஈய ரவைகள் என் முழங்காலில் பாய்ந்தன. ஆஸ்பத்திரியில் மேலாக இருந்ததை எடுத்துவிட்டு, "மிச்சம் உள்ள கெடக்கட்டும், ஒண்ணும் பண்ணாது" என்று அனுப்பிவிட்டார்கள். பிறகு வேலைக்காக, சிப்காட் ஆலைகளை ஒட்டிய குடிகாட்டில் குடியேறினோம்.

சில வருடங்களில் வயிறு முறுக்கியது, ரத்தம் குறைந்தது, தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தேன். எங்கள் ஊரில் தலை வலித்தாலும் சிப்காட் புகையைத்தான் திட்டுவோம். நானும் திட்டிக்கொண்டு, கோடையிலும் ஜன்னலைத் திறக்கவிடாமல் கிடந்தேன்.

சிதம்பரத்தில் ஒரு டாக்டர், ரத்தத்தில் ஈயம் ஜாஸ்தி என்றார்.

"கம்பெனிப் புகைதானே சார்?" என்றேன்.

"அப்படின்னா உங்க வீட்டம்மாவுக்கும் இருக்கணுமே" என்று அவள் ரத்தத்தையும் பார்த்தார். அவளுக்கு இல்லை. பிறகு என் காலை எக்ஸ்ரே எடுத்தார். மூட்டு முழுக்க வெள்ளைப் பொடி தூவினதுபோல் இருந்தது. "நடக்க நடக்க ரவை அரைபட்டு, மூட்டு நீர்ல கரைஞ்சு ரத்தத்துல கலக்குது" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி ஜன்னல்களை எல்லாம் திறந்துவிட்டாள். அந்தப் புகை நாற்றம் உள்ளே வந்தது. எழுந்துபோய் மூடத்தான் கை துடித்தது. நடந்தால் உள்ளே ரவை இன்னும் கொஞ்சம் அரைபடுமே என்று, காலை மடக்காமல் உட்கார்ந்திருந்தேன்.