பார்க்கவில்லை என்று எழுதியவள்

அந்தத் தாளில் இரண்டு வரிசைக் கட்டங்கள் மட்டும் காலியாக இருந்தன. மற்ற கட்டங்களில் எல்லாம் காய்ச்சல், நாடி, மூச்சு, ரத்த அழுத்தம் என்று எண்கள். காலி வரிசைகளின் குறுக்கே, நீல மையில், பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் குண்டு எழுத்தில், "மதியம் 2 மணி, 4 மணி: பார்க்கவில்லை. வார்டில் நான் ஒருத்திதான் இருந்தேன்" என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டிருந்தது. நர்ஸ் வேலைக்கு வந்த நாளிலிருந்து எத்தனையோ ஆயிரம் தாள்களைப் பார்த்துவிட்டேன். முழு உண்மையைச் சொன்ன தாள் என்று யோசிக்காமல் எனக்கு நினைவுக்கு வருவது அது ஒன்றுதான். மற்ற தாள்களில் பாதியை நானே எழுதியவள் என்பதால் இதைத் தைரியமாகச் சொல்கிறேன்.

எழுதியவளைச் சின்ன சிஸ்டர் என்று கூப்பிடுவோம். நான் பெரிய சிஸ்டர். ஊரே பெரிய காஞ்சிபுரம், சின்ன காஞ்சிபுரம் என்று இரண்டாகக் கிடப்பதால், ஒரு வார்டில் இரண்டு நர்ஸ் இருந்தால் எங்கள் ஊர் ஜனங்களுக்கு வேறு பெயர் தோன்றாது. நான் அவளைவிட எட்டு வயது மூத்தவள், ஒரு சுற்று பருத்தவள், பட்டமும் பொருந்திப்போனது. நாங்கள் வேலை பார்த்தது ஒரு தனியார் ஆஸ்பத்திரியில். பெயர் வேண்டாம். அதே மாதிரி ஆஸ்பத்திரி உங்கள் ஊரிலும் இருக்கும். வாசலில் கண்ணாடிக் கதவு, உள்ளே பிள்ளையார், பிள்ளையாருக்குப் பக்கத்தில் நர்ஸ்களைத் தாயென்றும் தெய்வமென்றும் புகழும் ஒரு போர்டு. பெண்கள் வார்டில் முப்பது கட்டில். அதற்கு நாங்கள் இரண்டு தெய்வங்கள்.

கட்டம் நிரப்புவது என்று எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. முப்பது பேருக்கும் குறித்த நேரத்தில் எல்லாவற்றையும் அளந்து எழுத இரண்டு பேரால் முடியாது. ஊசி போட வேண்டும், டிரிப் மாற்ற வேண்டும், பிரசவ அறைக்கு ஓட வேண்டும், டாக்டர் வந்தால் பின்னாலேயே நடக்க வேண்டும். அதனால் மோசமாக இருப்பவர்களை மட்டும் உண்மையாகப் பார்ப்போம். மற்றவர்களுக்கு, டியூட்டி முடிகிற நேரத்தில் உட்கார்ந்து, ஒரே மூச்சில் எண்களைப் போட்டுத் தள்ளுவோம். இதில் என் கை மிகவும் நயமான கை. எல்லோருக்கும் ஒரே எண்ணைப் போட்டால் மாட்டிக்கொள்வோம் என்பதால் ஒருத்திக்கு நாடி எழுபத்தெட்டு, அடுத்தவளுக்கு எண்பத்திரண்டு, வயதானவளுக்குக் கொஞ்சம் தூக்கி என்று அழகாகப் போடுவேன். ஆய்வுக்கு வருகிறவர்கள் என் தாள்களைக் கையில் எடுத்துப் பாராட்டியிருக்கிறார்கள். வெட்கமாக இல்லையா என்றால், அப்போது இல்லை. வேலை தெரிந்தவள் என்ற கர்வம்தான் இருந்தது.

முசரவாக்கத்திலிருந்து ஒரு பெண்ணை ஏழாம் மாதத்தில் கால் வீங்கிக் கொண்டுவந்து சேர்த்தார்கள். முதல் பிள்ளை. புருஷன் ஆட்டோ ஓட்டுகிறவர். ரத்த அழுத்தம் ஏறியிருந்தது. இரண்டு மணிக்கு ஒருமுறை பார்க்கும்படி டாக்டர் எழுதிவைத்தார். பன்னிரண்டு மணிக்கு நான் பார்த்தபோது கூடுதலாகத்தான் இருந்தது, மாத்திரை கொடுத்தோம். ஒரு மணிக்கு என்னை ஆபரேஷன் தியேட்டருக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அங்கே ஆள் குறைந்தால் எங்கள் வார்டிலிருந்து எடுப்பார்கள். எங்கள் வார்டில் குறைந்தால் எங்கிருந்தும் எடுக்கமாட்டார்கள். டியூட்டிப் பட்டியலில் மட்டும் நான் வார்டில் இருப்பதாகவே இருக்கும். சின்ன சிஸ்டர் தனியாக நின்றாள். அந்த நேரம் பார்த்து இரண்டு பிரசவம், ஒருத்திக்கு நிற்காத உதிரப்போக்கு. முசரவாக்கத்துப் பெண்ணின் கட்டிலுக்கு அவளால் போக முடியவில்லை. ஐந்து மணிக்கு அந்தப் பெண் தலை வலிக்கிறது என்றாளாம். சொல்லி வாய் மூடுவதற்குள் வலிப்பு வந்துவிட்டது. டாக்டர் ஓடிவந்து பார்த்து, அவசரமாகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். தாய் பிழைத்தாள். பிள்ளை தங்கவில்லை.

அன்றைக்கு டியூட்டி முடிகிற நேரத்தில் சின்ன சிஸ்டர் எழுதியதுதான் அந்த வரி.

மறுநாள் காலை நிர்வாக அதிகாரி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் அந்தத் தாளும், பக்கத்தில் ஒரு புதுத் தாளும் இருந்தன. "நீங்க சீனியர், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. நீட்டா ஒரு ஷீட்டு எழுதிடுங்க. அந்தப் பொண்ணுகிட்ட கையெழுத்து மட்டும் வாங்கிக் குடுங்க. அடுத்த மாசம் இன்ஸ்பெக்‌ஷன் வருது," என்றார். அவள் மறுத்தால் என்ன செய்வது என்று கேட்டேன். "பார்க்கலன்னு அவங்களே எழுதிக் குடுத்திருக்காங்க. அப்ப தப்பு அவங்களோடதுதான். நர்ஸிங் கவுன்சிலுக்கு எழுதுவோம். சர்ட்டிபிகேட்டு எங்ககிட்டதான் இருக்குது," என்றார். வேலைக்குச் சேரும்போதே எங்கள் ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி அவருடைய பீரோவில் பூட்டிவிடுவார்கள். இன்னும் பல இடங்களில் இதுதான் நடக்கிறது. தாய், தெய்வம் எல்லாம் போர்டில்தான். பீரோவுக்குள் நாங்கள் அடமானப் பொருள்.

நான் புதுத் தாளை எடுத்துக்கொண்டு வார்டுக்கு வந்தேன். அடுத்து நான் செய்ததை உங்களிடம் மறைக்க எனக்கு விருப்பமில்லை. நர்ஸ் மேசையில் உட்கார்ந்து, பழக்க தோஷத்தில், இரண்டு மணிக் கட்டத்தில் நூற்று நாற்பதுக்குத் தொண்ணூறு என்று போட்டுவிட்டேன். அதிகம் குறைத்தால் சந்தேகம் வரும், அதிகம் ஏற்றினால் ஏன் டாக்டரைக் கூப்பிடவில்லை என்பார்கள் என்று கணக்கு வேறு. சின்ன சிஸ்டர் எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இந்த நம்பர் யாரோடது?" என்று கேட்டாள்.

"எழுதிட்டுப் போயேன்மா. எல்லாரும் எழுதுறதுதானே."

"நீங்க இதப் போட்டா என்னாகும்? ரெண்டு மணிக்கும் நாலு மணிக்கும் எல்லாம் நல்லாத்தான் இருந்துது, அந்தப் பொண்ணுதான் எதையோ தின்னு இழுத்துவிட்டுக்கினான்னு ஆயிடும். மாமியார்க்காரி நேத்தே ஆரம்பிச்சிட்டாங்க, ஊறுகாய் தின்ன, ஊறுகாய் தின்னன்னு. ஆயுசுக்கும் அந்த ஊறுகாயை நெனச்சு அழுதுக்கினு இருக்கும்கா அது."

சின்ன சிஸ்டருடைய அப்பா பட்டுச் சேலைக்கு டிசைன் போடுகிறவர். கட்டம் போட்ட பெரிய தாளில் மயிலையும் யாளியையும் ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக் கொடுப்பார். அதைப் பார்த்துத்தான் தறியில் மாட்டுகிற அட்டையில் ஓட்டை குத்துவார்கள். நிரப்பிய கட்டத்துக்கு இழை மேலே எழும்பும், காலிக் கட்டத்துக்கு எழும்பாது. "எங்க அப்பா காலியா விடுற கட்டத்தையும் எண்ணித்தான் விடுவாரு. அதுவும் தறிக்குச் சொல்ற சேதிதான். நம்ம இஷ்டத்துக்கு ஒண்ண நிரப்பினா யாளி மூஞ்சி கோணிக்கும்," என்றாள். பிறகு மிகவும் சாதாரணமாக, "நான் கையெழுத்துப் போடமாட்டேன்கா. நீங்க எழுதுறதுன்னா உங்க பேரைப் போட்டுக்கோங்க," என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. எட்டு வருடம் சின்னவள் என்னைப் பார்த்துச் சொல்கிறாளே என்ற கோபம்தான் முதலில், பிறகு அவள் சொன்னது சரியாகப் போயிற்றே என்ற கோபம். அந்தக் கோபத்திலேயே புதுத் தாளைக் கிழித்தேன். வேறொரு வெள்ளைத் தாளில், "அன்று மதியம் ஒரு மணியிலிருந்து ஐந்து மணிவரை நான் தியேட்டரில் இருந்தேன். வார்டில் ஒரே நர்ஸ்" என்று எழுதி, என் பெயரைப் போட்டு, அதிகாரியின் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். பெரிய வீரம் என்று நினைக்க வேண்டாம். சாயங்காலத்துக்குள் எங்கள் இருவரையும் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

அந்த வாரமே முசரவாக்கத்துக்குப் பஸ் ஏறினோம். போக வேண்டாம், அடி விழும் என்று நான் சொல்லிப் பார்த்தேன். அந்தப் பெண் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சின்ன சிஸ்டர் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்து, எதையும் சுற்றி வளைக்காமல் சொன்னாள். உனக்கு ரெண்டு தடவ பி.பி. பார்த்திருக்கணும், பார்க்கல. பார்த்திருந்தா பிள்ள நின்னிருக்கும்னு என்னால உறுதியா சொல்ல முடியாது. ஆனா நேரத்தோட டாக்டரக் கூப்பிட்டிருப்போம். நீ ஒண்ணும் தப்பு பண்ணல. புருஷன்காரர் எழுந்து வந்து, "தெரிஞ்சே விட்டுட்டு, இப்ப வந்து சொல்லிக்கினு இருக்கிறியா?" என்று கத்தினார். அவள் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். அவருக்குக் கத்த உரிமை இருந்தது. அந்தப் பெண் மட்டும், "அப்ப ஊறுகாய் இல்லையா சிஸ்டர்?" என்று கேட்டாள். இல்லம்மா என்றாள் இவள். அப்போதுதான் அந்தப் பெண் வாய்விட்டு அழுதாள். மாமியார் உள்ளே எழுந்து போனார்.

அதற்குப் பிறகு சின்ன சிஸ்டர் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வரும். தினமும் காலை பத்து மணிக்குத் தன் வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு அந்த ஆஸ்பத்திரி வரவேற்பு அறைக்குப் போய், நோயாளிகள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவாள். கோஷம் இல்லை, அட்டை இல்லை. பக்கத்தில் உட்காருகிறவர்கள் சும்மா இருப்பார்களா? "இன்னாம்மா சிஸ்டரு, இங்க உக்காந்துக்கினு இருக்கிற?" என்பார்கள். "என் சர்ட்டிபிகேட்டு உள்ள பீரோவுல இருக்குது ஆயா, அதுக்குத்தான்," என்பாள். ஏன் கொடுக்கவில்லை என்று கேட்பார்கள். அவள் முதலிலிருந்து சொல்வாள். ஒரு நாளைக்கு இருபது பேருக்காவது சொல்லியிருப்பாள். போலீஸைக் கூப்பிடுவேன் என்றார் அதிகாரி. கூப்பிடுங்க சார், அவங்களுக்கும் சொல்றேன் என்றாள். தான் எழுதிய தாளை அவள் போனில் படம் எடுத்து வைத்திருந்ததால் அதிகாரிக்கு உள்ளுக்குள் பயமும் இருந்தது. முதல் இரண்டு நாள் நான் போகவில்லை. வீட்டில் மாவு அரைத்துக்கொண்டு, தலைவலி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் வெட்கம் பிடுங்கித் தின்றது. நானும் கோட்டை மாட்டிக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பதினோராம் நாள், ஆய்வுக் குழு வருவதற்கு முன்பு, சான்றிதழ்கள் இருந்த இரண்டு உறைகளைக் கொண்டுவந்து எங்கள் கையில் கொடுத்தார்கள். கவுன்சிலுக்கு யாரும் எழுதவில்லை. எழுதினால் டியூட்டிப் பட்டியலையும் சேர்த்து அனுப்ப வேண்டியிருக்கும், நான் வார்டில் இருந்ததாக அதில் எழுதியிருந்த பொய்யும் வெளியே வந்துவிடும்.

சின்ன சிஸ்டர் இப்போது கடல் தாண்டி ஒரு தேசத்தில் வேலை பார்க்கிறாள். அங்கே வார்டு வாசலிலேயே இன்று எத்தனை நர்ஸ் இருக்க வேண்டும், எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எழுதி மாட்டியிருக்கிறதாம். நம் பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டுக்கு ஓடிப்போகிறார்கள் என்று மேடையில் வருத்தப்படுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. யாரும் ஓடவில்லை. நீங்கள் துரத்தினீர்கள். நர்ஸ் தினத்துக்குக் கேக் வெட்டி, கையில் ஒரு ரோஜாப்பூவைக் கொடுத்து, கைதட்டுகிறீர்கள். வார்டுக்கு இன்னும் ஒரு ஆள் போடுங்கள் என்று கேட்டால் மட்டும், இது சேவை அல்லவா என்கிறீர்கள். எங்களுக்கு வணக்கம் வேண்டாம். கேக்கை நீங்களே சாப்பிடுங்கள். ஆள் போடுங்கள்.

நான் இன்னும் இந்த ஊரில்தான் இருக்கிறேன். வேறொரு ஆஸ்பத்திரியில், ஒரு வார்டுக்குப் பொறுப்பு. இங்கே தாளே கிடையாது, எல்லாம் டேப்லெட். அதைச் சொல்லிக்கொடுக்க வந்த தம்பியிடம், பார்க்க முடியாமல் போனால் எப்படிக் குறிப்பது என்று கேட்டேன். "காலியா விட்டா சேவ் ஆகாது மேடம். ஏதாவது ஒண்ணு போட்டுடுங்க," என்றார். நாங்கள் பயந்துகொண்டு எழுதிய பொய்யை இவர்கள் மெஷினுக்கே சட்டமாக்கிவிட்டார்கள். "பார்க்கவில்லை" என்று ஒரு பொத்தான் வேண்டும் என்று மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். பதில் வரவில்லை.

போன வாரம் என் வார்டிலிருந்து இரண்டு நர்ஸ்களை வேறு தளத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். மீதி இருந்தவர்களைக் கூப்பிட்டேன். "மோசமா இருக்கிறவங்களை முதல்ல பாருங்க. பார்க்க முடியாதவங்களுக்கு பி.பி. கட்டத்துல சைபர் போடுங்க. கீழ குறிப்புல, அளக்கலை, ஆள் இல்லன்னு டைப் பண்ணுங்க," என்றேன். சைபரும் அளக்காமல் போட்ட எண்தான். சின்ன சிஸ்டர் இருந்தால் இதற்கும் என்னைத் திட்டியிருப்பாள். ஆனால் எழுபத்தெட்டு, எண்பத்திரண்டு என்று நான் போட்ட எண்கள் எல்லோரையும் தூங்கவைத்தன. ரத்த அழுத்தம் சைபர் என்றால் செத்துவிட்டதாக அர்த்தம். அப்படி வந்தால் டேப்லெட் நேராக மருத்துவ இயக்குநரின் போனுக்கு அபாயமணி அடிக்கும்.

கால் மணி நேரத்தில் ஒன்பது பேருக்கு அடித்தது. அவர் மாடியிலிருந்து படியில் ஓடிவந்தார், பின்னால் நான்கு டாக்டர்கள். மூச்சு வாங்க, "யாருக்கும்மா? எந்த பெட்டு?" என்றார்.

"யாருக்கும் எதுவும் ஆகல சார். நல்லா இருக்காங்களான்னு எங்களுக்குத் தெரியல, அவ்ளோதான்."

அவர் கட்டில்களைப் பார்த்தார். ஒன்பது பேரும் அவரைப் பார்த்தார்கள். ஒரு அம்மா எழுந்து உட்கார்ந்து கும்பிட்டார். "இதை எப்படி நிறுத்துறது?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு என்னிடம் கேட்டார்.

"எடுத்துக்கினு போன ரெண்டு பேரை அனுப்புங்க சார். தானா நின்னுடும்."

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கையிலிருந்த போனில் மறுபடியும் அபாயமணி அடித்தது.