மரக்காணத்தில் இந்தியர்களைத் தேடியபோது

1. வாய்மொழி உத்தரவு

2005 கடைசியில், வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் முகாமுக்கு என்னை மரக்காணம் அனுப்பினார்கள். நான் தேர்தல் பிரிவில் ஜூனியர் அசிஸ்டென்ட். பெயர் சேர்க்கும் விண்ணப்பமான ஃபாரம் சிக்ஸை வாங்கி, சரிபார்த்து, அதிகாரியிடம் கையெழுத்துக்கு வைப்பது என் வேலை.

அதிகாரி எங்களுக்குப் புதியவர். நாற்காலியில் உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டார்.

“எல்லாரும் இந்தியன்தான்னு என்னம்மா நிச்சயம்? பர்த் சர்டிபிகேட் இல்லன்னா ஃபாரமே வாங்காதீங்க.”

“ஃபாரத்துலயே இந்தியக் குடிமகன்னு உறுதிமொழி இருக்குதுங்க ஐயா. பொய் சொன்னா தண்டனைன்னும் போட்டிருக்குது.”

“கையெழுத்து எவன் வேணாலும் போடுவான்.”

“எழுத்துல ஆர்டர் ஏதாவது வந்திருக்குதுங்களா?”

“நான்தாம்மா ஆர்டர்.”

வங்கக் கடல் வழியாக யாரோ கூட்டமாக வந்து மரக்காணத்து உப்பளங்களில் ஒளிந்துகொண்டு, ஓட்டுப் போடுவதற்காகவே காத்திருக்கிறார்கள் என்று அவர் உறுதியாக நம்பினார்.

2. வந்தவர்கள்

வரிசையில் முதலில் அஞ்சப்பன் நின்றார். கடலோரக் குப்பத்து மீனவர். சுனாமி வந்து ஒரு வருஷம்கூட முழுதாக ஆகவில்லை.

“பர்த் சர்டிபிகேட் எங்க?” என்றார் அதிகாரி.

“பீரோவுல இருந்துச்சுங்க.”

“பீரோ எங்க?”

“கடல்ல இருக்குதுங்க.”

அதிகாரி சிரிக்கவில்லை. அஞ்சப்பனும் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

“வூடு போச்சுன்னு உங்க ஆபீஸ்ல இருந்துதான் வந்து எழுதினு போனாங்க. அன்னிக்கு எந்த நாட்டுக்காரன்னு யாரும் கேக்கலியே சார்?”

“அது நிவாரணம். இது ஓட்டு. பேப்பர் எடுத்துட்டு வாய்யா.”

அஞ்சப்பன் ஃபாரத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். கொடுத்திருந்தால் என் மேஜையிலாவது இருந்திருக்கும்.

அடுத்தது சரோஜா. உப்பளத்தில் வேலை செய்கிறவர். அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். காலில் உப்புத்தண்ணீர் புண்.

“நீ இந்தியாவுலதான் பொறந்தேன்னு நான் எப்படிம்மா நம்புறது?”

“ஏன் சார், வேற நாட்டுக்காரி எவளாவது கப்பல் ஏறி வந்து இந்த வெயில்ல உப்பு வாருவாளா?”

வரிசை முழுக்கச் சிரித்தது. அதிகாரி, “இனிமே எல்லா ஃபாரத்தையும் வாங்கி வைங்க, மொத்தமா ரிஜெக்ட் பண்ணிடலாம்” என்றார். மதியத்துக்குள் ரிஜெக்ட் கட்டு என் முழங்கை உயரத்துக்கு வந்துவிட்டது.

3. தேர்ச்சி பெற்றவர்

சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பெரியவர் வந்தார். அந்தோணிசாமி. பாண்டிச்சேரியிலிருந்து வந்து மரக்காணத்தில் மகள் வீட்டோடு தங்கியவர். பிளாஸ்டிக் உறையிலிருந்து முத்திரை குத்திய பிறப்புச் சான்றிதழை எடுத்து வைத்தார்.

அதிகாரிக்கு முகமெல்லாம் மலர்ச்சி. அதைத் தூக்கி வரிசைக்குக் காட்டினார். “பாருங்க! ஒருத்தர் கொண்டாந்துட்டாரா இல்லியா? மனசு இருந்தா எல்லாருக்கும் கிடைக்கும்.”

பிறகு படிக்கப் பார்த்தார். “என்னம்மா இது, இங்கிலீஷ் மாதிரி இருக்குது, ஆனா இல்ல?”

“பிரெஞ்சுங்க ஐயா” என்றேன். “இவர் பொறந்தப்போ பாண்டி பிரெஞ்சுக்காரங்ககிட்ட இருந்துச்சு.”

“அப்போ இவர் பிரெஞ்சுக்காரரா?”

“அவ்ளோ அதிர்ஷ்டம் இருந்திருந்தா பிரெஞ்சு பென்ஷன் வாங்கினு பாரீஸ்ல குந்தியிருப்பேன் சார்” என்றார் அந்தோணிசாமி. “எங்க ஊர் இந்தியாவோட சேர்ந்தப்போ நாங்களும் சேர்ந்துட்டோம். யாரும் பேப்பர் கேக்கல.”

இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த அத்தனை பேரும் ஃபெயில். வேறு தேசத்துக் கொடியின் கீழ் பிறந்தவர் ஒருவர்தான் பாஸ். அதிகாரி டீ குடிக்கப் போய்விட்டார்.

4. பேனா

நான் வாக்குவாதம் செய்யவில்லை. நிராகரிப்பு என்றால் எழுத்தில் உத்தரவு வேண்டும், காரணம் வேண்டும், கீழே கையெழுத்து வேண்டும். ஒவ்வொரு ஃபாரத்துக்கும் ‘இந்தியர் என நிரூபிக்கவில்லை’ என்று டைப் அடித்து, அந்தோணிசாமியின் ஃபாரத்தை மட்டும் ‘ஏற்கலாம்’ என்று மேலே வைத்து, மறுநாள் அதிகாரி முன்னால் அடுக்கினேன்.

பேனா மூடியைத் திறந்தார். மூடினார். “இதெல்லாம் எழுத்துல எதுக்கும்மா?”

“நாளைக்கு யாராவது அப்பீல் போனா கேப்பாங்க ஐயா.”

மேலதிகாரிக்குப் போன் போட்டார். அந்தப் பக்கத்துக் குரல் எனக்கே கேட்டது: “யாருய்யா உன்னை அதெல்லாம் கேக்கச் சொன்னது?”

போனை வைத்துவிட்டு என்னிடம் கனிவாகச் சொன்னார்: “ஃபாரத்துலயே உறுதிமொழி இருக்குதேம்மா, நீங்க கவனிக்கலியா?”

அன்றே எல்லாவற்றையும் ஏற்றார்.

5. ஓட்டுப் போட்ட நாள்

அஞ்சப்பனின் ஃபாரம் அந்தக் கட்டுக்குள் இல்லையே. குப்பத்துக்கு ஆள் அனுப்பினேன். அவர் படகு வேலைக்கு வடக்கே போயிருந்தார். பட்டியல் மூடிய பிறகுதான் திரும்பினார்.

அடுத்த வருஷத் தேர்தலில் எனக்கு அந்த வாக்குச்சாவடியிலேயே டியூட்டி. சரோஜா மை வைத்த விரலை எனக்குக் காட்டிவிட்டுப் போனார். அந்தோணிசாமியை மகள் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார். அஞ்சப்பனும் சலவைச் சட்டையோடு வந்தார். பட்டியலில் மேலிருந்து கீழாக இரண்டு முறை தேடினேன்.

“பேர் இல்லீங்க” என்றேன்.

“பரவால்ல மேடம். அடுத்த வாட்டி பாத்துக்கலாம்” என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டு வெயிலில் நடந்தார்.

தேர்தல் பிரிவுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கூடுதலாக ஒரு காகிதம் கேட்கச் சொன்னால், முதலில் உத்தரவை எழுத்தில் கேளுங்கள். அது வரும் வரை ஒரு ஃபாரத்தையும் திருப்பி அனுப்பாதீர்கள். அந்நியர்களைப் பிடிக்கப் போட்ட எங்கள் வலையில் கடைசியில் மாட்டியது, கடலில் வலை போடுகிற ஒரே ஒரு மரக்காணத்துக்காரர்தான்.