பேலாப்பூரில் மூன்று ராஜாக்கள்

சேசம்மாள் அக்காவிடம் புடவைக்கு ஃபால் வைக்கக் கொடுத்தால் இரண்டு நாள் ஆகும். அந்த இரண்டு நாளில் வாசிக்க ஒரு நாவலும் தருவார். தாராவியில் தொண்ணூறு அடி சாலையிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் அவர் கடை. புடவை ஓரம் அடிக்கிற பீக்கோ மெஷினுக்கும் தையல் மெஷினுக்கும் போக, இரண்டு பேர் உரசிக்கொண்டு நிற்கலாம். நூல்கண்டு அலமாரிக்குப் பின்னால் இருநூறு புத்தகங்களாவது இருக்கும். காதல், கல்யாணம், மந்திரவாதி, மாயத் தீவு. எல்லாம் கைக்கு அடக்கமான மாத நாவல்கள்.

கனமான கதை எதுவும் அங்கே கிடையாது. முன்பு ஒன்றிரண்டு இருந்தனவாம். புருஷனைப் பறிகொடுத்து இரண்டு மாதம்கூட ஆகாத ஆறுமுகத்தாய்க்கு அதில் ஒன்றைத் தெரியாமல் கொடுத்துவிட்டார். அந்தப் பெண் மூன்றாம் நாள் புத்தகத்தைச் செய்தித்தாளில் பொதிந்து கொண்டுவந்து வைத்து, "இத எனக்கு ஏன் குடுத்திய?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள். பிறகு வரவே இல்லை. அன்றைக்கே கனமானவற்றையெல்லாம் பழைய பேப்பர்காரனிடம் போட்டார் அக்கா. அதிலிருந்து யார் வந்தாலும், இப்போது மனசு எப்படி இருக்கிறது, வீட்டில் சண்டையா சமாதானமா, பாம்பு பேய் என்றால் பயமா என்று விசாரித்த பிறகுதான் கை அலமாரிக்குள் போகும்.

எடுத்த புத்தகத்துக்குள் ஒரு சீட்டும் வைப்பார். அளவு குறிக்கிற சீட்டின் பின்பக்கம் நான்கு வரி: கதை எப்படிப் போகும், எதுவரை பொறுக்க வேண்டும், முடிவு நல்லதா. இங்கே பிறந்த பெண்களுக்குத் தமிழ் பேச வரும், எழுத்து தடுமாறும். அதனால் தமிழைத்தான் எழுதுவார், ஆனால் இந்தி எழுத்தில். அந்த எழுத்தை அவர் பள்ளியில் படித்தவரில்லை. நாசரேத்துப் பக்கத்திலிருந்து லாசர் அண்ணனைக் கட்டிக்கொண்டு பம்பாய் வந்த புதிதில், பஸ் பலகைகளைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது. இந்தி 'வ'வின் வயிற்றில் ஒரு கோடு இழுத்தால் 'ப' ஆகிவிடும். அக்கா கோட்டை எல்லாவற்றுக்கும் இழுப்பார். வாசிக்கிறவர்கள் 'பந்து'வை 'வந்து' என்று இடம் பார்த்துத் திருத்திக்கொள்வார்கள்; முப்பது வருடமாக யாரும் அதைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை.

போன டிசம்பரில் விடுமுறைக்கு பஹ்ரைனிலிருந்து தாராவி வீட்டுக்கு வந்திருந்தேன். மனைவியின் புடவைகளை வாங்க நான் போய் நின்ற மாலையில்தான், மளிகைக்கடை இசக்கிராஜ் அண்ணாச்சி தன் மகளை முன்னால் நடக்கவிட்டுக் கடைக்கு வந்தார். ஷர்மிளா காலேஜில் இரண்டாம் வருடம். கண் வீங்கியிருந்தது. அவளுடைய போன் அவர் சட்டைப் பையில் இருந்தது.

"யக்கா, இது யாரு கையெழுத்து?"

ஒரு சீட்டை மெஷின் மேல் வைத்தார். அக்கா மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"எங்கையெழுத்துதான் அண்ணாச்சி. என்னாச்சு?"

"ஒத்துக்கிட்டியள்லா? சந்தோசம்." அவர் என்னைப் பார்த்தார். "தம்பி, நீங்களே வாசிங்க. நாஞ் சொன்னா பொய்யின்னுடுவாக."

வாசித்தேன். 'பேலாபுர் ராஜா வந்து கூட்டிட்டுப் போயிருவான். ஏழாவது நாள்தான். அதுவரைக்கும் பொறு. பயப்படாதே. கடைசியில கல்யாணம்.'

பேலாப்பூர் ஹார்பர் லைன் மின்ரயிலில் கடைசிப் பக்கம். இங்கிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது.

"அஞ்சு நாளா இத பையில வச்சிக்கிட்டுப் பேசாம இருந்தேன்" என்றார் அண்ணாச்சி. குரலை உயர்த்தவில்லை. "எவன் வாரான்னு பாத்தேன். பேலாப்பூர், சான்பாடா, கோபர்கைரனேன்னு நம்ம ஆட்கள்ட்ட பூரா போன் போட்டாச்சு. பேலாப்பூர்ல மட்டும் மூணு ராஜா இருக்கான். ஒருத்தன் மொபைல் கடை, ஒருத்தன் கேட்டரிங், ஒருத்தன் சும்மா இருக்கான். இதுல எவன்னு நீங்க சொல்லிட்டியன்னா எனக்கு அலைச்சல் மிச்சம்."

"ஐயோ அண்ணாச்சி, அது பேலாப்பூர் இல்ல. வேலாபுரம். கதையில வாற ஊரு. அந்த ஊரு ராசா மந்திரப் படகுல வருவான்."

"படகுலயா? ஏன், ஹார்பர் லைன்ல ரயில் ஓடலியா, மெகா பிளாக்கா?"

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"அப்பா, நானும் அதானே சொன்னேன்" என்றாள் ஷர்மிளா. "கஹானி பா அது. கதை புக்."

"வாய மூடுட்டி. தமிழ்ப் புக்கு வாசிச்சாளாம்! இவளுக்கு 'அ' எது 'ஆ' எதுன்னு தெரியாது யக்கா. ஹிந்தி மீடியத்துல போட்டது நாந்தான், எனக்குத் தெரியாதா? ராத்திரி வண்டியில ஊருல எங்க அக்கா வீட்டுக்கு அனுப்புதேன். எந் தம்பி ராஜசேகர் டிக்கெட் போட்டுட்டான். காலேஜும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். போற முன்ன உங்க முகத்தப் பாத்து ஒரு வார்த்த கேக்கணும்னு வந்தேன். உங்களுக்கும் பொம்பளப் பிள்ள இருக்கு."

அக்காவின் மகள் ஜெஸி பாண்டுப்பில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அந்த வார்த்தை அக்காவுக்கு எங்கோ பட்டது. ஃபால் வைத்துக்கொண்டிருந்த புடவை மடியிலிருந்து நழுவியது.

"புஸ்தகத்தக் காட்டினா நம்புவியளா?"

"காட்டுங்க."

புத்தகம் கடையில் இல்லை. திங்கட்கிழமை ஷர்மிளா திருப்பிக் கொடுத்ததும் ஷமீமா எடுத்துப் போயிருந்தார். அக்கா என்னைப் பார்த்தார். "தம்பி, ஷமீமா வீடு தெரியும்லா? ரெண்டு சந்து தள்ளி, தண்ணி டேங்குக்குப் பக்கத்துல. பச்ச அட்ட. ஓடிருங்க."

ஓடினேன். பூட்டியிருந்தால் என்ன செய்வது, புத்தகம் செம்பூரில் அவர் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தால் என்ன செய்வது என்று மனசு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. ஷமீமா அக்கா வாசற்படியில் உட்கார்ந்து அதைத்தான் வாசித்துக்கொண்டிருந்தார்.

"அவசரமா வேணும்க்கா. சேசம்மாக்கா கேட்டாங்க."

"இன்னும் நாலே பக்கம் தம்பி. முடிச்சிட்டுத் தாரேன்."

"ஒரு பொண்ணோட படிப்பே போயிடும்க்கா!"

"அதுக்குப் புஸ்தகம் எதுக்கு?" என்றவர், என் முகத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். பிடித்திருந்த பக்கத்தை விடாமலே நீட்டினார். "கல்யாணம் ஆயிருமா? அத மட்டும் சொல்லிட்டுப் போங்க."

"ஆயிரும்" என்று கத்திக்கொண்டே திரும்பினேன்.

கடையில் யாரும் நகரவில்லை. அண்ணாச்சி புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். அவர் தினமும் தமிழ்ப் பேப்பர் வாசிக்கிறவர். முதல் பக்கத்திலேயே வேலாபுரம் இருந்தது.

"சரி. அப்படி ஒரு ஊரு இருக்கு" என்றார். "ஆனா ஊரு புஸ்தகத்துல இருந்தா போதுமா? பேர அங்கன இருந்து எடுத்துக்கிட்டு, சேதிய இவளுக்கு எழுதியிருக்கலாம்லா? இவ வாசிச்சாங்கிறதுக்கு என்ன ஆதாரம்?"

நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்து மகள் முன்னால் நீட்டினார். "வாசி."

ஷர்மிளா அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். பிறகு என்னை, வாசலில் நின்று வேடிக்கை பார்த்த இரண்டு பெண்களை, கடைசியாக அக்காவை.

"வேற எங்கயாவது வாசிக்கேன். வீட்டுல வாசிக்கேன்."

"இங்கன வாசி. இல்லன்னா பைய எடு, கிளம்புவோம்."

அவள் விரலை முதல் எழுத்தில் வைத்தாள்.

"வே... வேலா... வேலாபுரத்து அர... அரசன் படகை விட்டு இ... இறங்கினான்." மூச்சு வாங்கினாள். "ம... மளை... மழை அவன் தோ... தோளில் விழுந்து பு... புகையாய் எழுந்தது."

வாசலில் ஒருத்தி சிரித்தாள். அக்கா திரும்பிப் பார்த்த பார்வையில் அது அடங்கியது.

"ஆறு நாள் உன் பெ... பெயரைக் கேட்டேன், நீ சொல்லவில்லை என்றான் அவன். இன்று ஏ... ஏழாம் நாள். அவள் பதில் சொல்லாமல் அவன் ஈ... ஈரக் கையைப் பிடித்து..."

நிறுத்தினாள். அடுத்த வரி என்ன என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் காது சிவந்ததைப் பார்த்து எங்களுக்கும் தெரிந்துவிட்டது. அப்பன் முன்னால் வாசிக்கிற வரி இல்லை அது. அண்ணாச்சி தலை குனிந்து தரையில் கிடந்த துணித் துண்டுகளைப் பார்த்தார். போதும் என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

ஷர்மிளா கண்ணைத் துடைத்தாள். "...தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்" என்று வாசித்தாள். குரல் மாறியிருந்தது. "குளிர்கிறதா என்றான். இல்லை என்றாள். ஆனால் அவள் உதடு ந... நடுங்கியது. அவன் குனிந்து..."

"போதும்டி."

அவள் கேட்கவில்லை. குனிந்தவன் என்ன செய்தான் என்பதையும், அப்போது கரையில் ஏறி வந்த நாகம் படம் எடுத்ததையும் ஓர் எழுத்து விடாமல் வாசித்தாள். பக்கம் முடிந்தது. திருப்பினாள். அந்தப் பக்கத்தையும் தொடங்கினாள்.

"போதும்னு சொன்னேம்லா!"

"ஆதாரம் கேட்டீங்கள்ல? இன்னும் இருக்கு."

அண்ணாச்சி மெஷினின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "எப்பட்டி படிச்ச?"

"யூட்யூப்ல நாவல சத்தமா வாசிப்பாங்க. அத காதுல போட்டுக்கிட்டு புக்ல வெரல வச்சிட்டுப் போவேன். ஒரு வருஷமா."

"வீட்டுல ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

"சுப்பு மாமா கல்யாணப் பத்திரிகைய தப்பா வாசிச்சேன்ல, அன்னிக்கு எல்லாரும் சிரிச்சாங்க. மொதல்ல சிரிச்சது நீங்க."

அக்கா சீட்டைக் கையில் எடுத்து, 'வ'வுக்குள் இழுத்திருந்த கோட்டை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். "தப்பு என்னுதுதான் அண்ணாச்சி. இத்தன வருசமா இப்படித்தான் எழுதுதேன். பிள்ளைய ஒண்ணும் சொல்லாதிய."

அண்ணாச்சி வெளியே போய்ச் சந்தின் ஓரத்தில் நின்று போன் போட்டார். குரல் தாழ்ந்துதான் இருந்தது, ஆனால் சந்து குறுகலானது. "ராஜசேகரா, இன்னைக்கு யாரும் ஊருக்குப் போகல... ஏன்னு கேக்காத... எந்த ராஜாவும் இல்லடா, எல்லாவனையும் விட்டுரு."

திரும்பி வந்து மகளின் போனைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மெஷின் மேல் வைத்தார். மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை.

"வாட்டி, வீட்டுக்குப் போவோம்."

ஷர்மிளா போனைத் தொடவில்லை. அக்கா உட்கார்கிற ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நீங்க போங்கப்பா. நான் வாரேன்."

அண்ணாச்சி யாரையும் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார். ஸ்டூல் பறிபோன அக்கா நின்றபடியே என் மனைவியின் புடவையை உதறி மடித்தார். ஷர்மிளா விட்ட இடத்தில் விரலை வைத்து, இந்த முறை சத்தமில்லாமல், வாசிக்க ஆரம்பித்தாள்.