எம்.எல்.ஏ.வுக்கு நான் போட்ட மார்க்

வருஷா வருஷம் ஏப்ரல் கடைசியில் எனக்கு வேலை போய்விடும். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிற அன்று திரும்ப வந்துவிடும். நடுவில் கிடக்கிற மே மாதத்துக்கு நான் யாரோ, பள்ளிக்கூடம் யாரோ. அறுபதுகளில் சிவகாசியில் நான் கணக்கு டீச்சராக இருந்த பள்ளியில் இதுதான் வழக்கம். கோடை லீவுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை பாருங்கள். ‘பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார்’ என்று ஒரு காகிதம் தருவார்கள். என்னவோ நான் ஜெயிலில் இருந்த மாதிரி.

மே மாதம் சும்மா இருந்தால் அடுப்பு எரியுமா? வெடிக் கம்பெனிக்குப் போவேன். தீபாவளிச் சீசனுக்குச் சரக்குச் சேர்க்கிற நேரம், ஆள் தேவைப்படும். தரையில் உட்கார்ந்து வெடிக்குக் காகிதக் குழாய் சுருட்டுவேன். கம்பெனி முதலாளி யார் என்று கேட்டால், எங்கள் பள்ளிக்கூடத் தாளாளரேதான். ஊரே அவரை அண்ணாச்சி என்று கூப்பிடும், நானும் அப்படித்தான். பதினொரு மாதம் அவரிடம் சம்பளம், ஒரு மாதம் அவரிடமே கூலி. பக்கத்தில் உட்கார்ந்து சுருட்டுகிற அக்காவின் மகள் என்னிடம் படித்தவள். என் கை வேகத்தைப் பார்த்துவிட்டு அந்த அக்கா, “பரீட்சைப் பேப்பர் திருத்துற மாதிரி யோசிச்சு யோசிச்சுச் சுத்துறீக டீச்சர்” என்பாள்.

அண்ணாச்சி கெட்டவர் இல்லை. அதுதான் பெரிய சங்கடம். கெட்டவராக இருந்தால் நிம்மதியாகத் திட்டியிருப்பேன். அந்தப் பள்ளிக்கூடமே ஊர் வியாபாரிகள் மகமை வைத்துக் கட்டியது. விற்கிற மூட்டைக்கு இவ்வளவு என்று அவர்களே எடுத்து வைப்பதற்குப் பெயர் மகமை. கொடுக்காதவர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஊர் போகாது. ஆனாலும் அது வரி இல்லை, தர்மம். வரி என்கிற வார்த்தையைக் கேட்டாலே அண்ணாச்சிக்கு முகம் சுருங்கிவிடும்.

இப்படி நன்றாக இருந்த மனிதர் பம்பாயிலிருந்து வருகிற ஒரு இங்கிலீஷ் பத்திரிகைக்குச் சந்தா கட்டினார். அதோடு அவருக்குக் கொள்கை பிடித்துக்கொண்டது. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“வாங்க டீச்சர், காப்பி சாப்பிட்டீகளா? வெளிநாட்டுல சட்டசபை ஆளுகளுக்கு ஓட்டுக்கு ஓட்டு மார்க் போடுறாகளாம். நம்மளும் போடுவோம். வரி கூடாது. சட்டம் பெருகக் கூடாது. அவுகவுக சொத்துல அரசாங்கம் கை வைக்கக் கூடாது. பெரியவுக வச்ச வழக்கத்தை மாத்தக் கூடாது. இதுக்கு ஏத்தாப்புல ஓட்டுப் போட்டா மார்க், இல்லைன்னா முட்டை.”

“அதுக்கு நான் எதுக்கு அண்ணாச்சி?”

“மார்க் போடுறதுல உங்கள மாதிரி கண்டிப்பு யாரு? சொந்த மாமா மகளையே பெயிலாக்கினவுகளாச்சே. புது வருசக் காலண்டர்ல அச்சடிச்சு ஊரெல்லாம் மாட்டிருவோம். இதை நல்லா முடிச்சுக் குடுங்க, மே மாசத்தைப் பத்திப் பேசுவோம்.”

மே மாதம் என்று அவர் வாயிலிருந்து வந்ததும் சம்பளத்தோடு லீவு என்றே நான் அர்த்தம் பண்ணிக்கொண்டேன். ஒரு வருஷமாவது லீவு நாளில் மல்லாந்து படுத்துத் தூங்க வேண்டும் என்கிற ஆசை எனக்கு எவ்வளவு இருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பத்து மசோதா, மசோதாவுக்குப் பத்து மார்க், முப்பத்தைந்து வாங்கினால் பாஸ். பழைய செய்தித்தாளையெல்லாம் சேர்த்து உட்கார்ந்தால் எல்லாவற்றிலும் ஒரே வரிதான். ‘குரல் வாக்கெடுப்பில் மசோதா நிறைவேறியது.’ யார் குரல், எவர் குரல் என்று ஒரு விவரமும் இல்லை. வகுப்பே சேர்ந்து வாய்ப்பாடு ஒப்பித்தால் யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்று எந்த டீச்சரால் கண்டுபிடிக்க முடியும்? நல்லவேளையாக எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. ஒரு கல்யாணத்துக்கு வந்தார். அண்ணாச்சி செலவழித்து ஜெயிக்கவைத்தவர். அண்ணாச்சி முன்னாலேயே அவரை உட்காரவைத்துக் கேட்டேன்.

“வரி மசோதாவுக்கு எப்படி ஓட்டுப் போட்டீக?”

“குரல் கேட்டது பத்தாதுன்னு எண்ணிப் பாக்கணும்னு சொன்னாக டீச்சர். எங்க வரிசை எந்திரிச்சது, நானும் எந்திரிச்சேன்.”

“நில மசோதாவுக்கு?”

“அதுக்கும் எந்திரிச்சேன்.”

“படிச்சுப் பாத்தீகளா?”

“எந்திரிக்கிறதுக்கு எதுக்கு டீச்சர் படிக்கணும்?” என்றார், உண்மையாகவே புரியாமல்.

ஆனால் மனிதர் பொய் சொல்லவில்லை. யார் யார் எழுந்தார்கள், யார் உட்கார்ந்திருந்தார்கள், யார் வெளியே போனார்கள் என்று சுற்றுவட்டாரத்து உறுப்பினர்கள் அத்தனை பேரைப் பற்றியும் சொன்னார். சபையில் அவர் செய்த ஒரே வேலை பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பதுதான் போலும்.

பத்துமே கொள்கைக்கு ஆகாத மசோதா என்பதால், எழுந்து ஆதரிக்காதவருக்கெல்லாம் மார்க் என்று வைத்துத் திருத்தி முடித்துக் கூட்டினேன். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கில் முடிந்தது. முதல் ராங்க் யாருக்கு? அண்ணாச்சியின் கம்பெனி வாசலில் கூலி உயர்வு கேட்டுக் கொடி பிடிக்கிற, பக்கத்துத் தொகுதிச் சிவப்புத் துண்டு எம்.எல்.ஏ.வுக்கு. எந்த மசோதா வந்தாலும் இது போதாது என்று கத்திவிட்டு வெளிநடப்புச் செய்கிறவர் அவர். அரசாங்கச் சட்டம் எதற்கும் கை தூக்காத ஒரே உத்தமர், கொள்கைப்படி.

அண்ணாச்சி அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். “காலண்டர்ல இடம் பத்தாது டீச்சர். இவரை விட்டுருவோம்” என்றார். முதல் ராங்க் இடம் பற்றாமல் போன பரீட்சையை நான் அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த இடி, எங்கள் எம்.எல்.ஏ. முப்பது மார்க் வாங்கி பெயில். அந்த மூன்று பத்தும் அவர் சபைக்குப் போகாத நாளில் வாங்கியவை. போய் உட்கார்ந்த நாளெல்லாம் முட்டை.

அந்த முட்டைகளில் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். தனியார் பள்ளி நிர்வாகம் கோடையில் ஆசிரியரை நீக்கக் கூடாது, மே மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று ஒரு மசோதா. அதற்கும் அவர் வரிசையோடு எழுந்திருந்தார். நிறைவேறியும் விட்டது. விவர விதிகள் பிறகு வரும் என்று சொல்லி வைத்திருந்தார்கள். திரி வைக்காத வெடி மாதிரி அந்தச் சட்டம் சும்மா கிடந்தது. பெரியவர்கள் வைத்த வழக்கத்தை அரசாங்கம் மாற்றுகிறது, ஆகவே கொள்கைப்படி பூஜ்யம். என் வயிற்றுக்காக அந்தச் சபையில் யாரோ ஒருவர் செய்த ஒரே நல்ல காரியம். அதற்கு என் கையாலேயே, என் சிவப்பு மையாலேயே முட்டை போட்டேன். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

“நம்மாளு பெயிலா?” அண்ணாச்சி பதறினார். “எலெக்சன் வருது. புது அச்சாபீசுக்கு அவரு கரண்டு வாங்கித் தரணும். அஞ்சாறு மார்க் பாத்துப் போடுங்க டீச்சர்.”

வருஷம் முழுக்க பெற்றோர் வந்து கேட்கிற அதே குரல். “சட்டியில இருந்தாத்தான அண்ணாச்சி அகப்பையில வரும்” என்றேன். சொல்லும்போதே புத்தியில் ஒன்று தட்டியது. “வேணும்னா ஒரு இடம் இருக்கு. பழைய வழக்கம் மாறக் கூடாதுங்கிறோம். வாங்குன வேலைக்குச் சம்பளம் குடுக்கிறதைவிடப் பழைய வழக்கம் எது? அந்தப் பள்ளிக்கூட மசோதாவுக்கு அவரு எந்திரிச்சது கொள்கைப்படி சரின்னு எழுதிட்டா, நாப்பது வந்துரும்.”

“நாப்பதுன்னா பாஸா?”

“பாஸ்.”

“அப்ப எழுதுங்க, எழுதுங்க” என்று கையெழுத்தும் போட்டுவிட்டார்.

தை பிறப்பதற்குள் காலண்டர் ஊரெல்லாம் தொங்கியது. மேலே லட்சுமி, கீழே எம்.எல்.ஏ.க்களின் மார்க். எங்கள் ஆளுக்கு நேரே, ‘ஆசிரியருக்கு மே மாதச் சம்பளம், ஆதரவு, கொள்கைப்படி சரி, பத்துக்குப் பத்து.’ கடைசியில் அண்ணாச்சியின் பெயர். வெம்பக்கோட்டைப் பக்கம் உழுது பிழைக்கிற ஒரு சம்சாரி, நாற்பது என்பது பஞ்சாங்கத்தில் போடுகிற மாதிரி அந்த வருஷத்து மழைக்குப் போட்டது என்று நம்பிக் கடலை விதைத்தாராம். என்ன விளைந்தது என்று யாரும் சொல்லவில்லை.

ஏப்ரல் வந்தது, விடுவிக்கிற காகிதமும் வந்தது. நாங்கள் டீச்சர்கள் எல்லாரும் ஆளுக்கொரு காலண்டரைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாச்சி வீட்டுக்குப் போனோம். நான்தான் விரித்துக் காட்டினேன்.

வாசித்தார். திரும்ப வாசித்தார். அவர் பெயரையும் வாசித்தார்.

“இதை நானா எழுதினேன்?”

“நீங்க கையெழுத்துப் போட்டீக அண்ணாச்சி.”

“ஊரெல்லாம் மாட்டியிருக்கே.”

“விருதுநகர் மிளகாய் வத்தல் கடையில வரைக்கும் மாட்டியிருக்கு.”

மேலே இருந்த லட்சுமியைப் பார்த்தார். “சரி. கொள்கைன்னா கொள்கைதான். உங்க அத்தனை பேருக்கும் மே மாசச் சம்பளம் உண்டு” என்றார். தையல் டீச்சர் அங்கேயே அழுதுவிட்டாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, மறைப்பானேன். கணக்குப் போட்டுக் காரியம் சாதித்தேன் என்று எனக்குள் ஒரு பெருமை வேறு. புதுப் பாய் ஒன்று வாங்கினேன், தூங்குவதற்கென்றே.

மே முதல் நாள் காலையில் கம்பெனி ஆள் சைக்கிளில் வந்தான். அண்ணாச்சி எல்லா டீச்சர்களையும் வரச் சொன்னாராம். போனோம்.

“வேலைக்குச் சம்பளம் குடுக்கிறது பழைய வழக்கம்னு நீங்கதான எழுதினீக டீச்சர்? ரொம்பச் சரி. சம்பளத்துக்கு வேலை பாக்கிறதும் பழைய வழக்கம்தான? பள்ளிக்கூடத்துல பிள்ளைக இல்லை. இங்கன வெடிக்கு ஆள் பத்தலை. உக்காருங்க.”

அவர் கேலியாகச் சொல்லவில்லை. முகத்தில் அத்தனை நேர்மை. கொள்கையில் அந்த மனிதருக்கு நூற்றுக்கு நூறு போடலாம்.

போன வருஷம் உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்தேன். பக்கத்தில் அதே அக்கா. இந்த முறை எனக்குக் கூலி கிடையாது, சம்பளம் என்று சொன்னேன். தையல் டீச்சரும் தமிழ் டீச்சரும் எதிரே உட்கார்ந்து காகிதத்தைச் சுருட்டப் பழகிக்கொண்டிருந்தார்கள். அக்கா எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

“ஏன் டீச்சர், லீவுச் சம்பளம் குடுக்கணும்னுதான சட்டம் போட்டாக?”

“ஆமாக்கா.”

“சம்பளம் வந்துருச்சு. லீவு எங்கன?”

கணக்கு டீச்சர் நான். அதுவரை சுருட்டியதை எண்ணி வைத்துவிட்டு அடுத்த காகிதத்தை எடுத்துச் சுருட்டினேன்.