பேர் சொல்ல ஒரு வாய்

வெர்னெல் பெட்வேக்கு டார்லீன் மேல் வயிற்றெரிச்சல். டார்லீனின் மஞ்சள் முடிக்காகவோ, புருஷன் வாங்கித் தந்த காருக்காகவோ அல்ல. அவள் வாய்க்காக. அந்த வாய் ஒருவன் பேரைச் சொன்னால் போதும், அடுத்த வாரம் அவன் பீர் ஆலைக்குள் நிற்பான்.

அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் அந்த ஆலையின் புட்டி பார்க்கும் பிரிவில் இருவருக்கும் அடுத்தடுத்த ஸ்டூல். விளக்கு முன்னால் ஓடும் புட்டிகளில் விரிசல் விட்டதை எடுத்துப் போடுவது வேலை. ஒரே சம்பளம், ஒரே கண்ணெரிச்சல். உள்ளே வந்த வழிதான் வேறு. டார்லீனின் வேலையை அவள் மாமனார் ஒரு தட்டு மீனைத் தின்றுகொண்டே பேசி முடித்துவிட்டார். வெர்னெல் இரண்டு குளிர்காலம் ஆலை வாசலில் பனியில் நின்றாள். அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்துக் காவலாளிக்கே அலுத்த பிறகுதான் உள்ளே விட்டார்கள்.

மீன் என்று கேலிக்குச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தெற்குப் பக்கத்துப் போலந்துக்காரர்கள் சர்ச்சின் கீழ்த்தளத்தில் கூடி மீன் வறுவல் சாப்பிடுவார்கள். ஆலையில் எந்த இடம் காலி, யாரை வைப்பது என்பதெல்லாம் அங்கேயே முடிந்துவிடும். ஆலைச் சுவரில் 'ஆள் தேவை' என்று செவ்வாய்க்கிழமை ஒட்டுவார்கள். அதை நம்பி வடக்குப் பக்கத்திலிருந்து நம் கறுப்பு ஆட்கள் நல்ல சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஏறி வருவார்கள். நிரம்பிப் போன வேலைக்கு மனு கொடுத்துவிட்டு, நம்பிக்கையோடு வேறு வீடு திரும்புவார்கள்.

உள்ளே நமக்கும் ஒருவர் இருந்தார், ஆஸ்கர். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைக் கையுறை போட்டு நம் சர்ச் வாசலில் நின்று, வருகிறவர்களை உள்ளே அழைத்துப் போய் உட்கார வைக்கிற பெரிய மனிதர். வேலை தேடிய காலத்தில் வெர்னெல் அவரிடம்தான் முதலில் போனாள்.

"மனு போடும்மா. என் பேரை மட்டும் எங்கயும் சொல்லிடாத," என்றார்.

அவர் ஒரு தடவை அக்கா மகனைச் சேர்த்துவிட்டவர். அவன் பெட்டி அடுக்குக்குப் பின்னால் தூங்கி மாட்டிக்கொண்டான். அவனைத் துரத்தியதோடு விட்டார்களா? அதற்குப் பிறகு எந்தக் கறுப்பு ஆள் தாமதமாக வந்தாலும் ஆஸ்கரைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். மனிதர் வாயைத் தைத்துக்கொண்டார். கோழை, கோழை என்று வெர்னெல் அவரைத் தெரு முழுக்கத் திட்டித் தீர்த்தாள்.

இப்போது அவள் தங்கை ரெனிடாவுக்கு வேலை இல்லை. துணிக்கடையை மூடிவிட்டார்கள், இடுப்பில் குழந்தை. மாதக் கடைசிக்குள் ஒன்றும் அமையாவிட்டால் மிசிசிப்பியில் அத்தை வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ரெனிடா சுறுசுறுப்பானவள். ஆனால் குழந்தைக்குக் காய்ச்சல் கண்ட நாட்களில் கடைக்குத் தாமதமாகப் போய்த் திட்டு வாங்கியதும் உண்டு.

அந்த வெள்ளிக்கிழமை பனி கொட்டியதில் பஸ் நின்றுவிட்டது.

"ஏறுடி என் கார்ல," என்றாள் டார்லீன். "வழியில ஒரு தட்டு மீன் தின்னுட்டு உன்னைக் கொண்டு போய் விடறேன்."

அப்படித்தான் வெர்னெல் அந்தக் கீழ்த்தளத்துக்குள் காலெடுத்து வைத்தாள். எண்ணெய் வாசனை, பிராந்தி வாசனை, கம்பு ரொட்டி. எதிரே ஃபோர்மன் ஹெர்ப் உட்கார்ந்து முள் எடுத்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே கேட்டார்.

"பெட்டி கட்டற இடத்துல ஒரு ஆள் வேணும். யாராவது இருந்தா சொல்லுங்கப்பா."

இவ்வளவுதானா? இதற்காகவா இரண்டு குளிர்காலம்? 'என் தங்கச்சி இருக்கா' என்பது வெர்னெலின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. கூடவே குழந்தையின் காய்ச்சலும் ஞாபகம் வந்தது. ரெனிடா ஒரு நாள் தாமதமாக வந்தால் எத்தனை தலை தன் ஸ்டூல் பக்கம் திரும்பும் என்பதும் தெரிந்தது. ஹெர்ப் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"என்ன வெர்னெல், ஏதோ சொல்ல வந்த?"

"அந்த சாஸைக் கொஞ்சம் இப்படித் தள்ளுங்க," என்றாள் வெர்னெல்.

டார்லீன் வாயில் மீனை வைத்துக்கொண்டே கத்தினாள். "எங்க ரிக் சும்மாதானே கிடக்கான்!"

மேசையே சிரித்தது. "உன் கொழுந்தனா? பழைய கம்பெனி வண்டியைச் சுவத்துல ஏத்தினானே, அவனா?"

"அவனேதான். இந்தத் தடவை வேற சுவரா பாத்து ஏத்துவான்!"

ஹெர்ப்புக்குக் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பு. "சரி சரி, திங்கக்கிழமை வரச் சொல்லு."

வெர்னெலுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தங்கைக்கு அந்த வேலை கிடைக்காமல் போனதுகூடப் பரவாயில்லை. ஒன்றுக்கும் உதவாத ஒருவனைக் கொஞ்சமும் பயமில்லாமல் சிபாரிசு செய்துவிட்டு, அடுத்த துண்டு மீனை எடுக்கிறாளே! அந்தப் பயமின்மைக்காக அவளைக் கிள்ள வேண்டும் போலிருந்தது. வீட்டு வாசலில் இறங்கும்போது "ரொம்ப தேங்க்ஸ்டி" என்றும் சொல்லித் தொலைத்தாள்.

மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ரெனிடாவை பஸ் ஏற்றிவிடப் போனாள். குழந்தை வெர்னெலின் காதணியைப் பிடித்து இழுத்தது.

"யாராச்சும் கேட்டிருந்தா என் பேரைச் சொல்லியிருப்பல்லக்கா?"

"சொல்லாம இருப்பேனாடி? ஏறு, குளிர் அடிக்குது."

மறுநாள் காலையில் புட்டிகள் ஓட ஆரம்பித்து வெகுநேரம் கழித்து ரிக் வந்தான், கலைந்த தலையோடு. ஹெர்ப் அவனைக் காது கிழியத் திட்டினார். ரிக்கை மட்டும்தான். வெர்னெல் சுற்றும் முற்றும் பார்த்தாள். ஒருவராவது டார்லீன் பக்கம் திரும்ப மாட்டார்களா என்று காத்திருந்தாள். யாரும் திரும்பவில்லை. டார்லீனோ சூயிங்கம் மென்றபடி, "பாத்தியாடி எங்க சோம்பேறிய!" என்று இவளை முழங்கையால் இடித்துச் சிரித்தாள்.

அந்த நேரத்தில் விரிசல் விட்ட புட்டி ஒன்று வெர்னெலைத் தாண்டிப் போய் வரிசைக் கடைசியில் படாரென்று உடைந்தது.

"வெர்னெல்! கண்ணு எங்க இருக்கு?" என்று ஹெர்ப் கத்தினார்.

எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. பிறகு, யாரும் சொல்லாமலே, அந்தக் கோடியில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த ஆஸ்கர் பக்கம் திரும்பின. அவளைச் சேர்த்துவிட்டது ஆஸ்கர் இல்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு பெட்டியை அடுக்கினார்.